படுத்துக்கிடந்த சேனல்

அத்தையின் நிச்சயதார்த்தம் முடிந்த அடுத்த வாரம், மாப்பிள்ளையின் அப்பா அம்பத்தூரிலிருந்து ஸ்கூட்டரில் வந்து ஒரு தாம்பாளத்தை எங்கள் வீட்டு மேசைமேல் வைத்தார். பூ, பழம், கற்கண்டு. நடுவில் செய்தித்தாளில் சுற்றிச் சணல் கட்டிய ஒரு பொட்டலம். பட்டுப்புடவை என்று நினைத்த அம்மா அதை இரண்டு கையாலும் பக்தியோடு எடுக்கப் போனாள். பொட்டலம் அசையவில்லை. பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு முழ நீளத்துக்கு இரும்பு.

"ஐயோ மாதாவே!" என்று அம்மா இரண்டடி பின்னால் போனாள்.

"பயப்படாதம்மா, சீர் இல்ல இது. மருமவளுக்கு ஒரு வேல" என்று சிரித்தார் மாப்பிள்ளையின் அப்பா.

நடந்தது 1986ஆம் ஆண்டு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த வருஷம்தான் நான் முதன்முறையாக நற்கருணை, அதாவது முதல் நன்மை, வாங்கினேன். வெள்ளைக் கவுனும் மெழுகுவர்த்தியுமாக நான் நிற்கும் படத்தின் பின்பக்கத்தில் அப்பா பேனாவால் வருஷத்தை எழுதி வைத்திருக்கிறார். அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பாவுக்கு ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை. நாங்கள் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவின் தங்கையான அத்தையும் எங்களோடுதான் இருந்தாள். பாலிடெக்னிக் முடித்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் டிராயிங் ஆபீஸுக்குத் தினமும் பஸ்ஸில் போய்வருவாள். சாப்பாட்டுத் தட்டில் அப்பளத்தைக்கூடச் சரிபாதியாக உடைக்கிறவள் என்று அம்மா கேலி செய்வாள்.

மாப்பிள்ளை பி.இ. படித்தவர். அவருடைய அப்பா வெறும் கையோடு ஆரம்பித்து, கேட், கிரில், ஷெட்டு என்று வெல்டிங் பட்டறையைப் பெரிதாக்கியவர். மகன் படிப்பை முடித்துவிட்டு அதே பட்டறையைப் பார்த்துக்கொண்டார். உறவில் யார் கேட்டாலும் அம்மா "இஞ்சினியர் மாப்பிள்ளை" என்றுதான் ஆரம்பிப்பாள். பெயர் அப்புறம்தான் வரும்.

தாம்பாளத்தில் வந்த இரும்புக்குக் காரணம் எங்கள் மாதா கோயில். பட்டாபிராமுக்குப் போகும் வழியில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சின்னக் கோயில் அது. பாடுகிற பிள்ளைகளுக்குத் தனி இடம் கிடையாது. ஆர்மோனியத்தைச் சுற்றி நாங்கள் நின்றால், பின்னால் இருக்கிறவர்களுக்குப் பூசை வைக்கிற சாமியார் தெரியமாட்டார். மகன் கல்யாணத்தை முன்னிட்டு, வாசலுக்கு மேலே இரண்டு தூண்களுக்கு இடையில் ஒரு மேல்தட்டு கட்டித் தருவதாக மாப்பிள்ளையின் அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். குறுக்கே இரண்டு இரும்புச் சேனல், அதன்மேல் கடப்பா கல். கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகள் அங்கே நின்று பாடலாம்.

சேனல் என்பதைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். 'ப' என்ற எழுத்தை ஒருக்களித்து நிறுத்தினால் எப்படி இருக்கும்? அந்த வடிவத்தில் நீளமாக வருகிற இரும்பு. நடுவில் உயரமான ஒரு தகடு, மேலும் கீழும் இரண்டு உதடுகள்.

"ஏலத்துல எடுத்த பழைய சரக்குமா, அதுல வெட்டின துண்டு இது. எங்கியோ ஷெட்டப் பிரிச்சப்ப வந்தது. முத்திர கித்திர ஒண்ணும் கெடையாது. இன்னா சைசு, எவ்ளோ தாங்கும், எதுவும் தெரில. நீதான் டிராயிங் ஆபீஸ்ல கீறியே, கண்டுபுடிச்சு ஒரு படம் போட்டுக் குடு. நம்ம ஊட்டுப் பொண்ணு போட்ட படம்னு நானும் சொல்லிக்குவேன்ல?" என்றார் அவர் அத்தையிடம்.

அத்தை வெட்கப்பட்டாள். பூவைவிட, பழத்தைவிட அந்த இரும்பு அவளுக்குப் பிடித்திருந்தது என்று எனக்குத் தோன்றியது. அது சரிதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

மறுநாளே வேலை தொடங்கிவிட்டது. ஆபீஸிலிருந்து இரவல் வாங்கிவந்த வெர்னியர் அளவுகோலால் அத்தை உயரத்தை அளந்தாள். உதட்டின் அகலத்தை அளந்தாள். உதடு வேரில் தடித்தும் நுனியில் மெலிந்தும் இருந்ததால், அதன் தடிப்பைச் சரியாக நடுவில் பிடித்து மூன்று தடவை அளந்தாள். பிறகு இரும்பு வகைகளின் அளவெல்லாம் போட்ட அட்டவணைப் புத்தகத்தை விரித்துத் தேடினாள். எந்த வரியோடும் பொருந்தவில்லை.

"இது மில்லிமீட்டர் வர்றதுக்கு முந்தின இரும்பு அண்ணா. அங்குலக் கணக்குல உருட்டினது. புக்குல இருக்காது. நாமதான் எல்லாத்தையும் கண்டுபிடிக்கணும்" என்றாள் அப்பாவிடம். குறைபட்டுக்கொள்கிற குரல் இல்லை அது. விருந்து வருகிறது என்று சொல்லுகிற குரல்.

எடை பார்க்கத் தெருமுனைப் பழைய பேப்பர் கடைக்குப் போனோம். கடைக்காரர் இரும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்து விலை சொன்னார்.

"விக்கறதுக்கு இல்லண்ணா. எடை மட்டும் போடுங்க."

"விக்காததுக்கு எதுக்குமா எடை?"

"எவ்ளோ இருக்குன்னு தெரிஞ்சுக்கத்தான்."

"கல்யாணப் பொண்ணு பேசற பேச்சா இது?" என்று தராசில் வைத்தார். எடையை நீளத்தால் வகுத்து, இரும்பின் அடர்த்தியை வைத்து, வெட்டுமுகத்தின் பரப்பு எவ்வளவு என்று அத்தை கணக்கிட்டாள். வெர்னியரில் வந்ததும் இதுவும் ஒத்துப்போனபோது, பரீட்சையில் பாஸானவள் மாதிரி ஒரு தடவை கையைத் தட்டினாள்.

அதற்குப் பிறகு அவள் செய்ததை நான் இன்றுவரை மறக்கவில்லை. நிச்சயதார்த்தப் புடவை வந்த அட்டைப் பெட்டியின் மூடியை எடுத்து, சேனலின் வெட்டுமுகத்தைப் பெரிய அளவில் வரைந்து கத்தரித்தாள். வாய்ப்பக்கம் திறந்திருந்த இடத்தில் மெல்லிய டிரேசிங் தாளை ஒட்டினாள். ஒரு மூலையில் குண்டூசி குத்தித் தொங்கவிட்டு, அதே ஊசியில் கல் கட்டிய நூலைத் தொங்கவிட்டு, நூல் போன வழியில் கோடு போட்டாள். வேறொரு மூலையிலும் அதே மாதிரி. இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் புள்ளிதான் அதன் எடைக்கு நடு என்றாள். அந்தப் புள்ளி அட்டையின்மேல் விழவில்லை. தாளின்மேல், அதாவது இரும்பே இல்லாத வெறும் இடத்தில் விழுந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரும்பின் நடு இரும்புக்கு வெளியே காற்றில் இருக்கிறது என்பதை நம்ப முடியாமல், அந்த முழ நீளத் துண்டின் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவிப் பார்த்தேன்.

அப்பாவுக்கு இதிலெல்லாம் பொறுமை கிடையாது.

"ஒரே இரும்புதானே, எப்படி வெச்சா இன்னா? தாங்கறது தாங்கத்தானே போவுது?"

அத்தை என் பள்ளிக்கூட மர ஸ்கேலை எடுத்து, இரண்டு செம்புகளின்மேல் பாலம்போல் தட்டையாக வைத்தாள். "அமுக்கு" என்றாள். அப்பா ஒரு விரலால் அமுக்கியதும் ஸ்கேல் வில்லாக வளைந்தது. பிறகு அதையே விளிம்பில் நிற்கவைத்துப் பிடித்துக்கொண்டு, "இப்ப அமுக்கு" என்றாள். அப்பா ஒரு விரலால் அமுக்கினார், கையால் அமுக்கினார், எழுந்து நின்று அமுக்கினார். ஸ்கேல் அசையவில்லை. ரோஷம் வந்து மறுபடி தட்டையாகப் போட்டு ஓங்கி அமுக்கினார். படாரென்று இரண்டாக உடைந்தது. "வேற வாங்கித் தர்றேன், அழாத" என்று என்னிடம் சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஒரு வாரத்தில் படம் தயாரானது. எத்தனை பேர் ஏறலாம், கல்லின் பாரம் எவ்வளவு, தூணுக்குத் தூண் எவ்வளவு தூரம், எல்லாம் அதில் இருந்தது. சேனல் நிமிர்ந்து நின்றது. அத்தை அதைச் சுருட்டி ரிப்பன் கட்டி மாப்பிள்ளை கையில் கொடுத்தாள். "பிரேம் போட்டு மாட்டலாம் போல இருக்கே" என்றார் அவர். அத்தை அன்று முழுக்கச் சிரித்த முகமாக இருந்தாள்.

மேல்தட்டு ஏறியபோது அத்தை அதைப் பார்க்கவில்லை. அதற்குக் காரணம் ஓலை. எங்கள் வழக்கத்தில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் பெண், மாப்பிள்ளை பெயரைச் சாமியார் அறிவிப்பார். தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும். அதை ஓலை என்போம். தன் ஓலையைத் தானே கேட்கக் கூடாது என்று எங்கள் குடும்பத்தில் ஒரு கட்டுப்பாடு. அதனால் அந்த ஞாயிறுகளில் அத்தை பூந்தமல்லிக்குப் பஸ் ஏறி, அங்கே பூசை பார்த்துவிட்டு வந்தாள். முதல் ஓலை ஆயிற்று. இரண்டாவது ஓலையும் ஆயிற்று. கல்யாணம் மூவரசர் திருநாள் கழிந்து ஜனவரியில்.

டிசம்பர் மாதத்து முதல் சனிக்கிழமை. மறுநாள் மூன்றாவது ஓலை. எட்டாம் தேதி எங்கள் கோயில் மாதா திருநாள், மாதா சொரூபத்தைச் சுமந்து சப்பரம் புறப்படும். கோயிலில் ஒரே கூட்டம். பட்டறை ஆட்கள் மேல்தட்டுக்குக் கடைசிக் கை பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையும் அவர் அப்பாவும் வந்திருந்தார்கள். கோயில் காரியங்களைப் பார்த்துக்கொள்கிற உபதேசியார், சப்பரத்துக்குக் காகிதப் பூ ஒட்டிக்கொண்டிருந்தார். பாட்டுப் பழகப் போன நான், ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் நின்று கவனமில்லாமல் பாடிக்கொண்டிருந்தேன்.

அரை நாள் வேலை முடிந்து, ஆபீஸ் பையோடு அத்தை என்னை அழைத்துப்போக வந்தாள். செருப்பை வாசலில் விட்டாள். நெற்றியில் சிலுவை போட்டபடி உள்ளே வந்தவள் மேலே பார்த்தாள். சிலுவை போட்ட கை பாதியில் அப்படியே நின்றது.

சேனல் படுத்துக்கிடந்தது. எழுத்தாகப் பார்த்தால் அழகான 'ப'. வாய் மேலே, முதுகு கீழே. அந்த வாயின் இரண்டு உதடுகள்மேல் கடப்பா கல் சுத்தமாக உட்கார்ந்திருந்தது.

"இது யாரு திருப்பினது?" என்றாள் அத்தை. அவள் குரல் எனக்குப் புதிதாக இருந்தது.

உபதேசியார் பெருமையோடு எழுந்து வந்தார். "சப்பரம் வெளிய போவணுமே பாப்பா! மாதா கிரீடம் இரும்புல முட்டிச்சு. ரெண்டு வெரக்கட பத்தல. மாப்ளத் தம்பிகிட்ட சொன்னேன். தம்பி ஒரு நிமிசம் யோசன பண்ணிட்டு, இரும்பையே பக்கவாட்டுல திருப்பிப் போட்டுது பாரு! இன்னா மூள! இப்ப கிரீடம் ராஜா மாதிரி போவுது."

அத்தை மாப்பிள்ளையைப் பார்த்தாள். "படத்தைப் பாத்தீங்கதானே?"

"பாத்தேன். நீ எப்படியும் கூடுதலா வெச்சுத்தான் கணக்குப் போட்டிருப்பே. தாங்கும்" என்றார் அவர்.

"நிக்க வெச்சுப் போட்ட கணக்கு அது."

"இன்னாம்மா பிரச்சன?" என்று மாப்பிள்ளையின் அப்பா டீ கிளாஸோடு வந்தார். "அதே இரும்புதானே கீது? வித்துட்டா வேற போட்டாங்க?"

"அதே இரும்புதான் மாமா. நிக்க வெச்சா அஞ்சு பங்கு தாங்கும். படுக்க வெச்சா ஒரு பங்குதான். கல்லோட பாரத்துக்கே அது சரியாப்போச்சு. பிள்ளைங்களை ஏத்தக் கூடாது. இறக்கிடுங்க."

கோயிலில் பாட்டு நின்றுவிட்டது. பெயின்ட் அடித்தவர்கள் பிரஷ்ஷை டப்பாவில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். இன்னும் கல்யாணம் ஆகாத மருமகள், ஓலை நடந்துகொண்டிருக்கும்போது, மாமனாரின் ஆட்கள் முன்னால், அவர் கோயிலுக்குக் கொடுத்த காணிக்கையை இறக்கச் சொல்கிறாள். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு முகம் சிவந்தது. கெட்டவர் இல்லை அவர். ஆனால் பட்டறைக்காரர்.

"இத்தினி வருசத்துல நான் தூக்கி நிறுத்துனது ஒண்ணுகூட வியுந்தது கெடையாதும்மா. டேய், எல்லாரும் வாங்கடா. மேல ஏறுங்க. பாத்துடலாம்."

"வேணாம் மாமா. அது சோதனை இல்ல" என்றாள் அத்தை.

"அண்ணாத்தே, நான் ஊட்ல சொல்லிட்டு வர்லியே" என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே ஏணியைக் கொண்டுவந்து சுவரோரம் சாத்தினார்கள்.

அத்தை அவர்களை நிறுத்தப் பார்த்தாள், முடியவில்லை. சட்டென்று உபதேசியாரின் காகிதப்பூ நூல் உருண்டையைப் பிடுங்கிக்கொண்டு, ஸ்டூலில் ஏறி, சேனலுக்குக் கொஞ்சம் கீழே தூணிலிருந்து தூணுக்கு நூலை விறைப்பாக இழுத்துக் கட்டினாள். நடுவில், இரும்புக்கும் நூலுக்கும் இடையில், பீடத்துத் தீப்பெட்டியைப் படுக்கையாக நுழைத்துப் பார்த்தாள். நூலை அசைக்காமல் சரியாக நுழைந்தது.

"பாத்துக்குங்க மாமா. இப்ப தீப்பெட்டி போவுது. இவங்க ஏறி இறங்கினதுக்கு அப்புறமும் போகணும். போச்சுன்னா நான் மன்னிப்புக் கேக்கறேன்."

"கேட்டுக்கினேன், கேட்டுக்கினேன். ஏறுங்கடா!"

ஆட்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். கோயில் கமிட்டியில் இரண்டு பேரும் ஏறினார்கள். மாப்பிள்ளையின் அப்பாவும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். அத்தை நடுவில், ஸ்டூலின்மேல், நூலுக்கு நேராகக் கண்ணை வைத்து, ஏணிக்கு முதுகு காட்டி நின்றாள். அவள் தலைக்கு மேலேதான் அத்தனை பேரும்.

மாப்பிள்ளை ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்ற என்னைப் பார்த்ததும், இடுப்பில் கை கொடுத்துத் தூக்கிப் படியில் விட்டார். மேலேயிருந்து ஒரு கை என்னை இழுத்துக்கொண்டது. நான் கோயிலை அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்ததே இல்லை. பீடம், மாதா, தரையில் சின்னதாக ஆர்மோனியம், என்னையே அண்ணாந்து பார்க்கும் பாட்டுப் பிள்ளைகள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "அத்த, நான் இங்க கீறேன்!" என்று கத்திக்கொண்டே ஒரு குதி குதித்தேன்.

காலுக்கடியில் இரும்பு ஒரு சத்தம் போட்டது. பெரிய சத்தம் இல்லை. முதுகு வலிக்காரர் எழுந்திருக்கும்போது போடுவது மாதிரி ஒரு முனகல். கல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. என்னைப் பிடித்திருந்த கை திடீரென்று இறுகியது. யாரும் சிரிக்கவில்லை.

கீழேயிருந்து அத்தையின் குரல் கேட்டது. "குழந்தைய யாரு ஏத்தினது? யாரு ஏத்தினது குழந்தைய?"

"மெள்ள எறங்குங்கடா. ஒர்த்தர் ஒர்த்தரா. குதிக்காதீங்க" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. என்னைத்தான் முதலில் இறக்கினார்கள். அவர் கடைசியாக இறங்கினார்.

எல்லாரும் இறங்கிய பிறகு அத்தை தீப்பெட்டியை மாப்பிள்ளையின் அப்பா கையில் கொடுத்தாள். அவரே ஸ்டூலில் ஏறி நுழைத்துப் பார்த்தார். போகவில்லை. திருப்பி வைத்தார், அப்போதும் போகவில்லை. மேலே இப்போது ஒரு ஆள்கூட இல்லை. ஆனால் இரும்பு நூலைத் தொட்டுக்கொண்டு அப்படியே நின்றது. வளைந்தது நிமிரவில்லை.

அவர் ஸ்டூலிலேயே நின்றார். மேலே இரும்பின் முனையில் சாந்து அப்பின இடத்தையும் கீழே பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்தார். பயந்துபோன உபதேசியார், யாரும் கேட்காமலே பேச ஆரம்பித்தார்.

"நம்மளாண்ட தம்பி அன்னிக்கே சொல்லிச்சுங்க. கூட்டமா ஏத்தாதீங்க, இப்போதிக்கு நிக்கும், கல்யாணம் முடிஞ்சதும் கயட்டி வேற மாதிரி போட்டுக்கலாம்னு. நான்தான் இவ்ளோ தூரம் போவும்னு நெனைக்கல."

"தெரிஞ்சேவாடா?" என்று மகனைக் கேட்டார் மாப்பிள்ளையின் அப்பா.

"திருநாள் நெருக்கத்துல என்ன பண்றதுப்பா? இறக்கிட்டா நம்ம பேருதான் கெடும்" என்றார் மாப்பிள்ளை.

அவருடைய அப்பாவின் கை உயர்ந்தது. கோயிலுக்குள் நிற்கிறோம் என்பது நினைவு வந்ததோ என்னவோ, கை இறங்கிவிட்டது. "கல்ல எறக்குங்கடா" என்றார் ஆட்களிடம். சாயங்காலத்துக்குள் மேல்தட்டு இருந்த இடம் தெரியாமல் போயிற்று. இரண்டு சேனல்களும் கோயில் பின்புறம் வேலியோரம் கிடந்தன. தரையில் போட்டுப் பார்த்தபோது, நடுவில் தொய்ந்திருப்பது வெறும் கண்ணுக்கே தெரிந்தது.

விளக்கு வைக்கும் நேரத்தில் மாப்பிள்ளையின் அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்கார மறுத்து நின்றுகொண்டே பேசினார். "தப்பு எங்க பக்கம்தான் சார். புது இரும்பு நானே எடுத்தாறேன். மருமவ படம் எப்படிச் சொல்லுதோ அப்படியே நிக்கவெச்சுக் கட்டுவேன். சப்பரத்து கிரீடம் முட்டினா, கிரீடத்த கயட்டி உள்ள வெச்சுக்கினு போவட்டும். மாதா ஒண்ணும் கோச்சுக்க மாட்டா. இப்படி ஒரு பொண்ணு எங்க ஊட்டுக்கு வர்றதுக்கு நாங்க குடுத்து வெச்சிருக்கணும்."

அம்மாவின் கண் கலங்கிவிட்டது. அப்பா அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவந்து, "பெரிய மனுஷன்யா" என்றார். அம்மா சமையலறைக்குள் போனாள். சேமியா பாயசத்துக்கு அடுப்பைப் பற்றவைத்தாள்.

அத்தை கொல்லைப் பக்கம் துணி துவைக்கும் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள். என் கையிலிருந்த பெயின்ட் கறையை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்தபடியே கேட்டாள்.

"உன்னை மேல ஏத்தினது யாரு?"

"மாமாதான்! அப்படியே தூக்கி ஏணியில விட்டாரு" என்றேன். கல்யாணம் ஆகும் முன்பே மாப்பிள்ளையை மாமா என்று கூப்பிடுவதில் எனக்கு ஒரு ருசி இருந்தது.

"அவரு ஏறினாரா?"

"இல்லியே. அவரு ஏணி புடிச்சுக்கினு இருந்தாரு."

அத்தை துடைப்பதை நிறுத்தவில்லை. மாமாவைப் பற்றி இன்னும் நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பகலில் அவரை எல்லாரும் திட்டினார்களே, பாவம். அதனால் கேட்காததையும் சொன்னேன்.

"எனக்கு முதல்ல பயமாத்தான் இருந்துச்சு அத்த. மாமாதான் 'பயப்படாத, ஒண்ணும் ஆவாது. மேல போயி குதிச்சுக் காட்டு, அத்த பாக்கட்டும்'னு சொன்னாரு."

அத்தை துணியை மடித்துக் கல்லின்மேல் வைத்தாள். எழுந்து உள்ளே போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"அண்ணா, நாளைக்கு மூணாவது ஓலை வேணாம்னு ஃபாதர்கிட்ட சொல்லிட்டு வந்துடு" என்றாள்.

அப்பா செய்தித்தாளைக் கீழே வைத்தார். "எந்த ஓலை?"

"என்னோட ஓலை. இந்தக் கல்யாணம் வேணாம்."

அம்மா கையிலிருந்த கரண்டி தரையில் விழுந்தது. எங்கள் வீட்டில் அதற்குமுன் யாரும் யாரோடும் அப்படிச் சண்டை போட்டதில்லை. அப்பா கத்தினார். அம்மா அழுதாள், கெஞ்சினாள். அப்புறம் அவளும் கத்தினாள். "அவங்கப்பா வந்து நின்னுகினே மன்னிப்புக் கேட்டுட்டுப் போறாரு. இரும்ப மாத்தித் தர்றேன்னு சொல்லிட்டாரு. இன்னும் உனக்கு இன்னாடி வேணும்? ஒரு இரும்புக்காகக் கல்யாணத்த நிறுத்துவியா?" பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன. அத்தை எதற்கும் காரணம் சொல்லவில்லை. "இரும்புக்காக இல்ல அண்ணி" என்று ஒரே ஒரு முறை சொன்னாள். பிறகு என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தவள், மறுபடி மூடிக்கொண்டாள். அப்பா கடைசியில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனார். பாயசம் அடிபிடித்த வாசனை வீடெல்லாம் பரவியது.

மறுநாள் பூசையில், பிரசங்கம் முடிந்து சாமியார் ஓலை வாசித்தார். வேறு யாரோ இரண்டு ஜோடிகளின் பெயர்கள். எங்கள் அத்தையின் பெயர் வரவில்லை. கோயில் முழுக்க ஒரு முணுமுணுப்பு ஓடி, எங்கள் பெஞ்சில் வந்து நின்றது. அம்மா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். தூணுக்குப் பக்கத்தில் மாப்பிள்ளையின் அப்பா தனியாக நின்றுகொண்டிருந்தார். அறை வாங்கின மாதிரி ஒரு முகம்.

நான் பாட்டுப் பிள்ளைகளோடு தரையில், ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் நின்றேன். அத்தைமேல் எனக்கு அளவில்லாத கோபம். கிறிஸ்துமஸ்வரை அவளோடு பேசுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன், பேசவும் இல்லை. மாமா எவ்வளவு நல்லவர், என்னை எப்படித் தூக்கிவிட்டார், என்ன சொன்னார் என்றெல்லாம் அத்தனை எடுத்துச் சொல்லியும், இவள் மனசு கொஞ்சமும் இளகவில்லையே என்பதுதான் எனக்கு ஆறவில்லை.